மெதுவாப் போங்க, மேஸ்திரி!

எங்கள் வீட்டில் எனக்கு 'வாயில்லாப் பூச்சி' என்று பெயர். காய்கறிக்காரி நிறுவையில் கொஞ்சம் குறைத்தால்கூடக் கேட்க மாட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால், 'போனால் போகிறது' என்று இறங்கி விடுவேன். நாலு பேர் நடுவில் குரலை உயர்த்துவதா, அம்மாடி! நினைத்தாலே உள்ளங்கை வியர்த்துவிடும். அப்படிப்பட்ட என்னையும் பேச வைத்தவர்கள் கெய்ரோ நகரத்து டாக்ஸி டிரைவர்கள். அந்தக் கதையைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

2007-ஆம் ஆண்டுக் கடைசியில் என் கணவருக்கு எகிப்தில் இரண்டு வருட வேலை கிடைத்தது. மூன்று வயதுப் பெண்ணையும், இட்லித் தட்டையும், ஒரு வருடத்துக்குத் தேவையான சாம்பார்ப் பொடியையும் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பி விட்டேன். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த பிரமிடையும் நைல் நதியையும் நேரில் பார்க்கப் போகிறோம் என்று ஒரே சந்தோஷம். வெயிலைப் பற்றிச் சொன்னார்கள், பாலைவனப் புழுதியைப் பற்றிச் சொன்னார்கள். டாக்ஸியைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை!

விமானம் இறங்கும்போது நடுராத்திரி. வெளியே வந்தால் கறுப்பும் வெள்ளையுமாக டாக்ஸிகள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் பழைய ஃபியட், லாடா, பெஷோ வண்டிகள். எங்களுக்கு வாய்த்த வண்டிக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும். பெட்டிகளை மேலே ஏற்றிக் கயிற்றால் கட்டினார் டிரைவர். பின் கதவை உள்ளேயிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் அவர் தன் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார். வேண்டுமென்றால் கேட்டு வாங்கிச் சுற்றிவிட்டுத் திருப்பித் தர வேண்டும்!

வண்டி கிளம்பியது. ஸலாஹ் ஸாலெம் என்று ஒரு பெரிய சாலை. நம் ஊரில் ராத்திரி ஊர் அடங்கியதும் லாரிகள் பறக்குமே, அந்த மாதிரி அங்கே எல்லா வண்டிகளும் பறந்தன. அதுகூடப் பரவாயில்லை. பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் முன்விளக்கு எரியவில்லை. எங்கள் வண்டியிலும்தான்! "என்னங்க, லைட்டு போடச் சொல்லுங்களேன்" என்று என் கணவர் காதில் ஓதினேன். அவர் சைகையால் கேட்டார். டிரைவர் சிரித்துக்கொண்டே ஒரு தடவை விளக்கைப் போட்டு அணைத்தார். தன் கண்ணைப் பொத்திக் காட்டி, எதிரே வருகிறவருக்குக் கண் கூசுமாம் என்று விளக்கினார். தேவைப்பட்டால் மட்டும் ஒரு சிமிட்டல். தெருவிளக்கு இருக்கும்போது வேறு எதற்கு என்பது அவர் கட்சி.

சாலையின் ஒரு பக்கம் நீளமாகக் குட்டிக் குட்டிக் கட்டடங்களும் கூண்டுக் கோபுரங்களும் வந்துகொண்டே இருந்தன. "அது என்ன ஊர்?" என்றேன். "கல்லறைகள். பழைய சுல்தான்கள் காலத்திலேயிருந்து இருக்கு" என்றார் என் கணவர். எனக்கு அந்த நேரத்திலா அதைப் பார்க்க வேண்டும்! கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த சுலோகங்களையெல்லாம் சொல்லத் தொடங்கி விட்டேன்.

எங்களுக்கு வீடு கிடைத்தது மாதி என்னும் பகுதியில். நகரத்துக்குத் தெற்கே, மரங்கள் அடர்ந்த அழகான இடம். அங்கே தெருக்களுக்குப் பெரும்பாலும் எண்கள்தான் பெயர். மளிகை, காய்கறி எல்லாவற்றுக்கும் 9-ஆம் எண் தெருவுக்குப் போவேன். ஆனால் நகரத்துக்குள் போக வேண்டுமென்றால் நைல் கரையோரச் சாலையில் பத்து கிலோமீட்டருக்கு மேல் டாக்ஸியில் போக வேண்டும்.

டாக்ஸி பிடிப்பதே ஒரு கலை. ஓரமாக நின்று கையை நீட்ட வேண்டும். வண்டி நிற்காமல் கொஞ்சம் வேகம் குறையும். அந்த நொடியில் போக வேண்டிய இடத்தின் பெயரைக் கத்த வேண்டும். டிரைவருக்குப் பிடித்தால் நிறுத்துவார், இல்லாவிட்டால் பறந்து விடுவார். உள்ளே மீட்டர் இருக்கும். ஆனால் அது சுவரில் மாட்டிய பழைய காலண்டர் மாதிரிதான், யாரும் பார்ப்பதில்லை. அதில் இருந்த கட்டணம் என்றைக்கோ நிர்ணயித்தது. ஊர்க்காரர்கள் தாங்களாக ஒரு தொகையைத் தீர்மானித்து, இறங்கிய பிறகு ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். எங்கள் முகத்தைப் பார்த்தால் முப்பது பவுண்டு கேட்பார்கள். இருபதில் முடியும்.

எங்கள் ஊரைத் தெரிந்துகொண்டதும் அவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும் பாருங்கள்! "ஹிந்தி? அமிதாப் பச்சன்!" என்று ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவார்கள். அவர் படங்கள் அங்கே அவ்வளவு பிரசித்தம். எனக்கோ, 'ஐயா, அமிதாப்பைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் கையை ஸ்டீயரிங்கில் வையுங்கள்' என்று கத்த வேண்டும் போல இருக்கும். கத்த மாட்டேன். சிரித்து வைப்பேன்.

சாலையில் மூன்று வரிசைக்குக் கோடு போட்டிருக்கும், வண்டிகள் ஐந்து வரிசையில் போகும். நடுவில் கழுதை வண்டி ஒன்று ஆடி அசைந்து வரும். ஹாரனுக்கென்றே தனி பாஷை உண்டு. ஒரு சின்ன 'பீப்' என்றால் 'நான் இருக்கிறேன்'. இரண்டு என்றால் 'வழி விடு'. நீளமாக அடித்தால் அர்த்தம் கேட்காமல் இருப்பதே நல்லது! இத்தனைக்கும் அவர்கள் கெட்டவர்களே இல்லை. வண்டிக்குள் குர்ஆன் ஓதும் ஒலிநாடா, கண்ணாடியில் நீல மணி, முன்னால் ஒரு டிஷ்யூ பெட்டி, குழந்தையைக் கண்டால் மிட்டாய். வீட்டு மனிதர்கள் மாதிரி அன்பாகப் பேசுவார்கள். ஆக்ஸிலேட்டரில் கால் வைத்துவிட்டால் மட்டும் வேறு ஆள்.

நான் என்ன செய்வேன்? பின் ஸீட்டில் உட்கார்ந்து பெண்ணை இறுகப் பிடித்துக்கொள்வேன். "அவங்க ஊர் வழக்கம் அது. தினமும் ஓட்டறவங்களுக்குத் தெரியாதா? நீ கண்ணை மூடிக்கோ" என்பார் என் கணவர். சரி என்று மூடிக்கொள்வேன்.

அந்தக் கண்ணை ஒருநாள் திறக்க வேண்டி வந்தது.

2008 ஜனவரி. கான் எல்-கலீலி என்ற பழைய கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். 1382-இல் தொடங்கிய சந்தை அது. செப்பு விளக்கு, வாசனைத் தைலம், கண்ணாடிக் குப்பி என்று எத்தனை தினுசு! சாயங்காலம் வரை சுற்றிவிட்டு டாக்ஸியில் ஏறினோம். என் கணவர் முன்னால் உட்கார்ந்தார். நானும் பெண்ணும் பின்னால். பின் ஸீட்டில் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. அவளுக்கு முன் ஸீட்டுகளுக்கு நடுவில் நின்று வேடிக்கை பார்க்கத்தான் பிடிக்கும். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க விட்டேன்.

மறுபடியும் அதே ஸலாஹ் ஸாலெம் சாலை. பக்கத்தில் ஒரு மைக்ரோ பஸ், அதாவது நம் ஊர் வேன் மாதிரி ஆள் ஏற்றும் வண்டி, எங்கள் வண்டியை முந்தியது. எங்கள் டிரைவருக்குப் பொறுக்குமா? அவர் முந்தினார். அவன் முந்தினான். இரண்டு பேரும் ஜன்னல் வழியாகச் சிரித்துப் பேசிக்கொண்டே பந்தயம் ஓடினார்கள்! ஐந்து நிமிஷம் இருக்கும். 'மெதுவாகப் போகச் சொல், மெதுவாகப் போகச் சொல்' என்று என் மனசு அடித்துக்கொண்டது. வார்த்தை தொண்டை வரை வந்தது. 'டிரைவர் என்ன நினைப்பாரோ, இவர் வேறு கோபித்துக்கொள்வாரோ' என்று விழுங்கி விட்டேன்.

திடீரென்று பிரேக். முன்னால் ஒரு வண்டி நின்றிருந்தது. மோதவில்லை, ஒரு சாண் இடைவெளியில் நின்று விட்டோம். ஆனால் பெண் என் கையிலிருந்து நழுவி, முன் ஸீட்டின் இரும்பில் வாயை இடித்துக்கொண்டாள். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் வீறிட்டாள். உதடு கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம். முன் பல் ஒன்று பாதியாகி இருந்தது.

டிரைவர் பதறிப் போய் வண்டியை ஓரம் கட்டினார். டிஷ்யூ பெட்டியையே தூக்கிக் கொடுத்தார். "மாலேஷ், மாலேஷ்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எறும்பு ஊர்வது போல ஓட்டி எங்களை ஒரு டாக்டரிடம் கொண்டு விட்டு, காசு வாங்காமலே போனார். அவர் கண்ணிலும் தண்ணீர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

அன்று ராத்திரி என் கணவர் சாப்பிடக்கூட இல்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். "மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில போற வண்டி சடாரென்று நின்னா, உள்ளே இருக்கிறவங்க கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரத்திலேயிருந்து விழுகிற வேகத்தில முன்னால போவாங்க. அதாவது மூணாவது மாடி" என்றார். "குழந்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று அழுதேன். "யாராலயும் பிடிக்க முடியாது. உன் தப்பு இல்லை. நானும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார்.

மறுநாள் மேல் மாடியில் குடியிருந்த எகிப்திய அம்மாள் சூப்போடு வந்து விட்டார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே வயதில் மூத்த பெண்களைத் 'தாந்த்' என்று கூப்பிடுவார்கள், நம் மாமி, அத்தை மாதிரி. நடந்ததைச் சொன்னேன். "நீ ஏன் சொல்லவில்லை, மகளே?" என்றார். "பாஷை தெரியாதே, தாந்த்." "பாஷையா தெரியாது? தைரியம் தெரியாது என்று சொல்!" என்று சிரித்தார். பிறகு சமையலறையிலேயே பாடம் தொடங்கியது.

முதல் பாடம், டிரைவரை 'யா உஸ்தா' என்று கூப்பிட வேண்டும். உஸ்தா என்றால் தொழில் தெரிந்தவர், நம் ஊர் மேஸ்திரி மாதிரி. மரியாதையான வார்த்தை. "அதைச் சொன்னாலே பாதி வேகம் குறைந்துவிடும். நீ அவனைத் திட்டவில்லை, கைகாரன் என்று மதிக்கிறாய்" என்றார். இரண்டாவது, 'அலா மஹ்லக்'. நிதானமாக என்று அர்த்தம். மூன்றாவது, 'மஆயா பின்த்தி'. என் மகள் என்னோடு இருக்கிறாள். நான்காவது கடைசி ஆயுதம், 'அலா கம்ப்'. ஓரமாக நிறுத்துங்கள்.

"வண்டியில் ஏறியதும் சொல். பறக்க ஆரம்பித்த பிறகு சொன்னால் அவனுக்கு ரோஷம் வரும். ஏறும்போதே சொன்னால் அது உன் நிபந்தனை" என்றார் தாந்த். எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "அலா மஹ்லக், யா உஸ்தா" என்று என் பெண்ணும் பொக்கைப் பல்லோடு கூடவே சொல்வாள். நாலாம் நாள் தனியாக அவளை அழைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். டிரைவர் நரைத்த மீசைக்காரர். நெஞ்சு படபடக்க எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். பெண்ணின் உதட்டுக் காயத்தைப் பார்த்தார். "மா தகாஃபீஷ், யா மேடம்" என்றார், பயப்படாதீங்க என்று. அன்றைக்கு நைல் நதியை முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். அதில் வெள்ளைப் பாய்மரப் படகுகள் போவதே அதுவரை எனக்குத் தெரியாது!

வழியில் அவர் பாதி ஆங்கிலத்தில் தன் கதையைச் சொன்னார். வண்டி அவருடையது இல்லையாம். தினமும் சொந்தக்காரருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும், பெட்ரோலும் போட வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதுதான் வீட்டுக்கு. காலையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, மாலையிலிருந்து நடுராத்திரி வரை டாக்ஸி. பாதி நேரம் நெரிசலில் நகராமல் போய்விடுகிறது. "சாலை கொஞ்சம் காலியாக இருந்தால், இழந்த நேரத்தை அங்கேதான் பிடிக்க வேண்டும், மேடம்" என்றார். வேகத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருந்தது அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு, நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு ஐந்து பவுண்டு சேர்த்தே கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். அவர் நேரத்துக்கும் விலை உண்டல்லவா?

எல்லாரும் அந்த மீசைக்காரர் ஆகிவிடுவார்களா? மார்ச் மாதத்தில் ஓர் இளவட்டம் வாய்த்தான். 'அலா மஹ்லக்' என்றேன், சிரித்தான். 'மஆயா பின்த்தி' என்றேன், பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். கரையோரச் சாலையில் ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்தான் பாருங்கள், என் உடம்பெல்லாம் நடுங்கி விட்டது. எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "அலா கம்ப்!" என்று கத்தினேன். அவன் திகைத்துப் போய் நிறுத்தி விட்டான். கதவைத் திறந்துவிடச் சொல்லி, பேசிய காசை முழுசாக நீட்டிவிட்டு, பெண்ணும் காய்கறிப் பையுமாக நடுவழியில் இறங்கி நின்றேன்.

வெயில் கொளுத்தியது. வீட்டுக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருந்தது. முழங்கால் ஆடியது. ஆனால் மனசுக்குள் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பெண்ணுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அப்புறம் வேறு வண்டி பிடித்துப் போனேன்.

ராத்திரி பயந்துகொண்டே என் கணவரிடம் சொன்னேன். "தெரியாத ஊரில நடுத்தெருவில இறங்கலாமா?" என்று முதலில் சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இறங்கினதுதான் சரி" என்றார். அன்றிலிருந்து டாக்ஸியில் ஏறியதும் அவரே முதலில் 'அலா மஹ்லக்' சொல்ல ஆரம்பித்து விட்டார்.

தாந்த் இன்னொரு வழியும் காட்டினார். மாதியிலேயே மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறதே! 1987-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது, ஆப்பிரிக்காவிலேயே முதல் மெட்ரோ. எங்கே போனாலும் ஒரு பவுண்டு, அன்றைய கணக்கில் நம் ஏழு ரூபாய்தான். நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள். உள்ளே ஏறினால் நம் ஊர்க் கல்யாண வீட்டுக் கூடம் போல ஒரே பேச்சும் சிரிப்பும். யாராவது ஒரு பாட்டி என் பெண்ணை மடியில் வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு தூரமான இடங்களுக்கு மெட்ரோ, கிட்டத்தில் மட்டும் டாக்ஸி என்று வைத்துக்கொண்டேன். நேரமும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.

2009 கடைசியில் நாங்கள் ஊர் திரும்பும் சமயம், கெய்ரோவில் புது வெள்ளை டாக்ஸிகள் ஓடத் தொடங்கியிருந்தன. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய டாக்ஸிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, டிரைவர்கள் தவணையில் புது வண்டி வாங்க ஏற்பாடு செய்தது. புது வண்டியில் மீட்டரும் ஓடியது. ஆனாலும் பாதை புதிதானாலும் பாதம் பழசுதானே! விடைபெறும் நாளில் விமான நிலையத்துக்குப் போன வெள்ளை டாக்ஸியிலும் நான் அதே நாலு வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

சகோதரிகளே, வெளிநாடு போனால்தான் இது தேவைப்படும் என்று நினைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சாலை விபத்துகளில் வருடத்துக்குச் சுமார் 11,90,000 பேர் உயிரிழக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமே சாலை விபத்துதான். அதனால் என் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். குழந்தையை ஸீட்டுகளுக்கு நடுவில் நிற்க விடாதீர்கள். முன் ஸீட்டில் மடியில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். பின் ஸீட்டில் பெல்ட் இருந்தால், பக்கத்துத் தெருவுக்குப் போவதானாலும் போட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் கார் உள்ளவர்கள், கைக்குழந்தைக்கும் சின்னக் குழந்தைக்கும் அவரவர் வயதுக்கேற்ற தனி ஆசனம் வாங்கிப் பொருத்துங்கள். தாயின் கை எவ்வளவு பலமானாலும் அந்த ஒரு நொடிக்குப் போதாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கிளம்பும்போது பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்புங்கள். 'சீக்கிரம் போங்க' என்று டிரைவரை விரட்டுகிறவர்களும் நாம்தானே? எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறும்போதே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கேட்கவில்லை என்றால் இறங்கி விடுங்கள். கொடுத்த காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

என் பெண்ணுக்கு இப்போது இருபது வயது தாண்டி விட்டது. பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்து, உதட்டுக்குள் ஒரு சின்னத் தழும்பு மட்டும் மிச்சம். சென்னையில் வேலைக்குப் போய்வருகிறாள். போன மாதம் ஒருநாள் ராத்திரி, கைப்பேசியில் கூப்பிட்ட வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தாள். "ஏறிட்டேம்மா" என்று போன் செய்தவள், அதை அணைக்க மறந்து விட்டாள். நானும் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணா, கொஞ்சம் நிதானமாவே போங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை" என்று அவள் குரல் கேட்டது.

"சரிம்மா" என்றார் அந்த டிரைவர்.

நான் போனை வைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன். அவள் வந்து சேர எவ்வளவு நேரமானாலும் சரி, மாவு இருக்கிறது, நானும் இருக்கிறேன்.